தன்னாட்சி கேட்போர் தன்னாட்சி தருக!

சோழவரத்து ஏரி சென்னையின் நீர்வேட்கையைத் தணிக்கின்றது. செங்குன்றத்து நெல்லாலைகள் அந் நகரின் உலைக்கு அரிசி தருகின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. இத்துணை வளமும் குவிந்த இதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் குடிசையிட்டு வாழும் ஒரு தொல்குடியினருள் பலருக்குத் தாம் மிதித்து நிற்கும் மண் தமதென்று காட்ட ஒரு துண்டுத்தாளும் இல்லை. அம் மண்ணுக்கு வருவாய்த்துறை இட்ட பெயர் புறம்போக்கு. அக் குடியின் பெயர் இருளர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர் ஏறத்தாழ 1,90,000 பேர். எலிவளை தோண்டி உழவனின் நெல்லைக் காப்பவர் அவர்; பறியைப் பல்லாற் கவ்விக்கொண்டு பழவேற்காட்டுக் கழியில் வெறுங்கையால் இறால் பிடிப்பவர் அவர்; மாசி மகத்தன்று மாமல்லைக் கடற்கரையிற் கூடிக் கன்னியம்மனை வழிபடுபவர் அவர். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பாம்புத்தோல் வாணிகம் நின்று பிழைப்பிழந்தபோது, 1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவுக் கழகம் அமைத்தனர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து நச்சுமுறி மருந்துக்கு வழங்கினர். பாம்பு தீண்டியோர் எத்தனையோ பேர் இவர்தம் கைத்திறத்தால் உயிர் பிழைத்துள்ளனர். 2023-இல் இவருள் இருவர்க்குத் தாமரைத்திரு விருதும் கிடைத்தது.

விருது கிடைத்தது, விடிவு கிடைத்ததா? செங்குன்றம் சார்ந்த நெல்லாலைகளிலும் செங்கற்சூளைகளிலும் மரம்வெட்டும் களங்களிலும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டோருள் இருளரே மிகுதி. சில ஆயிரம் உருபா முன்பணம். அதற்கு ஈடு ஒரு முழுக் குடும்பத்தின் உழைப்பு. நள்ளிரவில் நெல் அவித்து, பகலிற் களத்தில் உலர்த்திக் கிண்டி, மூட்டை சுமந்தும் கடன் குறைவதில்லை. மகன் தலையிலும் அது ஏறுகின்றது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்தது. ஆயினும் மீட்கப்பட்டவன் திரும்பிச் செல்ல நிலமில்லையெனில், விடுதலைச் சான்றைக் கையிலேந்தி அடுத்த ஆலையின் வாயிலில் நிற்பதன்றி அவனுக்கு வேறு வழி என்ன?

இருளர்க்கு அரசு ஒன்றும் தரவில்லை என்பது பொய். தொகுப்பு வீடு உண்டு, உதவித்தொகை உண்டு. ஆயினும் எங்கே வீடு, யாருக்கு மனை, எவர் இருளர் என்பவற்றை முடிவு செய்பவர் எவரும் இருளர் அல்லர். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் மேசையிற் கிடக்கின்றது. அச் சான்றின்றிப் பிள்ளையின் படிப்பு தடைப்படுகின்றது. கொடை வேறு, ஆட்சி வேறு. இவ் வேறுபாட்டை ஐயமறக் காட்டும் வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு.

மிசிசிப்பியாற்றின் கிழக்கே பரந்த நிலத்தைச் சிக்கசா என்னும் தொல்குடி ஆண்டிருந்தது. 1736-இல் படையெடுத்து வந்த பிரெஞ்சுக்காரரை அக்கியாவில் முறியடித்த மறக்குடி அது. எனினும் 1830-ஆம் ஆண்டின் குடிபெயர்ப்புச் சட்ட நெருக்கடியால், 1832-இல் தாய்நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1837-இல் சாக்டா இனத்தார்க்கு 5,30,000 தாலர் கொடுத்து, அவர் நிலத்தின் மேற்பகுதியிற் குடியேறும் உரிமையைத் தம் பணத்தாலேயே பெற்றனர். 1856-இல் தமக்கென அரசமைப்பு எழுதினர். 1907-இல் ஓக்லகோமா மாநிலம் உருவானபோது அவ்வரசு வெறுங்கூடாக்கப்பட்டது. பொதுநிலம் அதற்கு முன்பே தனித்தனித் துண்டாகக் கூறுபோடப்பட்டிருந்தது. இனத்தின் ஆளுநரைக்கூட வாசிங்டனிலிருந்த குடியரசுத் தலைவரே அமர்த்தினார்.

அதன்பின்னும் அம் மக்கள் கேட்டது கொடையன்று, ஆட்சி. 1970-இல் சட்டம் மாறிற்று. 1971-இல் தம் ஆளுநரைத் தாமே தேர்ந்தனர். 1983-இல் புதிய அரசமைப்புக் கண்டனர். 13 பேர் கொண்ட சட்டமன்றமும் மூவர் கொண்ட உயர் அறமன்றமும் அவர்க்கு உண்டு. மருத்துவமனை அவர் கையில். கல்வி அவர் கையில். மொழி நலிவது கண்டு 2007-இல் அதனை மீட்கத் தனித்துறையும் அமைத்தனர். குடிபெயர்ந்த நாளில் அவர் ஏறத்தாழ 5,000 பேரே. சிறுதொகையினர்க்குத் தன்னாட்சி எதற்கு என்பார்க்கு இதுவே விடை.

அவ் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்தல் அறமாகாது. சிக்கசா இனத்தாரும் கருப்பின மக்களை அடிமை கொண்டிருந்தனர். 1866-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின்னும், விடுதலை பெற்ற அம் மக்களுக்குக் குடியுரிமை தராமலே விட்டனர். தன் உரிமைக்குப் போராடிய இனம் தன் முற்றத்தில் நின்றவனின் உரிமையைக் காணவில்லை.

தமிழர் இக் கறையைக் கண்டு நாணவேண்டுமேயன்றி நகைத்தலாகாது. 1969-இல் இராசமன்னார் குழு அமைந்தது. 1974-இல் தமிழகச் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025-இல் அதே நோக்கில் மீண்டும் ஓர் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. தில்லியிடம் கேட்கும் வாய் ஓயவில்லை. இருளர்க்குக் கொடுக்கும் கை நீண்டதா? வடதமிழகத்து இருளர் பேசுவதும் தமிழேயன்றோ!

இந்திய அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையிற் பத்து மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகள் இடம்பெற்றுள்ளன. தமிழகத்தின் ஒரு சிற்றூரும் இல்லை. எனவே 1996-ஆம் ஆண்டின் பழங்குடி ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இங்குச் செல்லாது. ஒரு சிறு குடியிருப்பும் தனியூராகித் தன் அவையைக் கூட்டலாம் என்பது அச் சட்டத்தின் உயிர்நிலை. இங்கோ இருபது வீட்டு இருளர், ஆயிரம் வீட்டு ஊராட்சியின் அவையில் ஓர் ஓரத்தில் நின்று திரும்புகின்றனர்.

இதை மாற்றத் தில்லியின் முன் கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. ஊராட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தும் உரிமை கோட்டையிலேயே இருக்கின்றது. இருளர் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் அவை அமைக! தம்மவர் யாரென உறுதிகூறும் உரிமையும், மனைநிலத்தைப் பகிரும் உரிமையும், ஆலை முன்பணத்தைக் கேள்விகேட்கும் உரிமையும் அவ்வவைக்கு எழுத்தில் வழங்கப்படுக! சோழவரம் ஒன்றியத்திலேயே அது தொடங்கட்டும். தன்னாட்சியின் தகுதியைத் தமிழர் தில்லிக்குக் காட்ட விரும்பின், அதைக் காட்டவேண்டிய முதல் இடம் ஏரிக்கரைக் குடிசையே.