இறுக்கமும் ஆகாது, தளர்வும் ஆகாது

 

கடையநல்லூர் சகோதரர் ஒருவர் இம்மாதம் பயனுள்ள வினா ஒன்றை விடுத்துள்ளார். அவருடைய மொபெட்டின் செயின் தளர்ந்து சத்தமிட்டதால் கடையில் கொடுத்து இறுக்கியிருக்கிறார். தனியே செல்லும்போது குறையொன்றும் இல்லை. மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தென்காசி சாலையில் செல்லும்போது மட்டும் செயின் நறநறவென்று அரைபடுகிறதாம். "இறுக்கிய பின்னும் ஏன் இந்தத் தொல்லை?" என்பது அவர் கேள்வி.

இறுக்கியதுதான் தொல்லை என்பதே நமது விடை.

தறி முழங்கிய ஊர் கடையநல்லூர். பாவு நூல் அளவுக்கு மீறி இறுகினால் அறும், தளர்ந்தால் நூல் சிக்கும், நெசவும் கெடும். இதை அவ்வூர்ப் பெரியவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. செயினுக்கும் இதுவே நியதி. ஆயினும் தறியின் இரு முனைகளும் அசையாமல் நிற்பவை. மொபெட்டிலோ பின்முனை மேலும் கீழும் ஆடுகிறது. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

1980ஆம் ஆண்டு ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது முதல், மொபெட் நம் சிற்றூர்க் குடும்பங்களின் சுமைதாங்கியாகிவிட்டது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். 100 வண்டியில் பின்சக்கரம் 'ஸ்விங் ஆர்ம்' எனப்படும் கவையில் பொருந்தியிருக்கிறது. கவையின் முன்முனை வண்டிச் சட்டத்தோடு ஆணியால் கோக்கப்பட்டுள்ளது. பின்பகுதியை இரண்டு ஷாக் அப்சார்பர்கள் தாங்குகின்றன. செயினை இழுக்கும் முன் பல்சக்கரமோ அந்த ஆணிக்கு முன்னால், எஞ்சினில் இருக்கிறது. சக்கரம் ஏறி இறங்குவது ஆணியை மையமாகக் கொண்டு. செயின் சுற்றுவது பல்சக்கரத்தை மையமாகக் கொண்டு. மையங்கள் இரண்டாக இருப்பதால் முன் பல்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் ஒரே அளவாக நிற்பதில்லை.

முன் பல்சக்கரம், கவையின் ஆணி, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் அத்தூரம் மிக அதிகம். ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் சக்கரம் பெரும்பாலும் அக்கோட்டுக்குக் கீழே தொங்கும். ஆள் ஏறியதும் வண்டி அமிழ்கிறது, அச்சு நேர்கோட்டை நெருங்குகிறது, செயின் இறுகுகிறது. ஸ்டாண்டில் சரியாகத் தோன்றிய இறுக்கம், மூவர் ஏறியபின் மிதமிஞ்சிய இறுக்கமாகிறது. அதனால் செயினும் பற்களும் தேய்வதோடு எஞ்சின் அச்சின் பேரிங்குகளும் பழுதாகும். சில வேளை செயினே அறும்.

"சிறிது தூரம்தானே மாறுகிறது?" என்று எண்ணிவிடலாகாது. ஒரு கணக்குப் பார்ப்போம். இரு அச்சுகளுக்கும் இடையே 500 மில்லிமீட்டர் என்று கொள்வோம். செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக மொத்தம் 24 மில்லிமீட்டர் ஆடுகிறது. இந்த ஆட்டத்தைத் தரும் உபரி நீளம் 0.6 மில்லிமீட்டர்கூட இல்லை! பின் அச்சு 0.3 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்தாலே அவ்வளவு ஆட்டமும் மறைந்துவிடும். ஆறு மில்லிமீட்டர் திருகு ஒன்றை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் அச்சு 1 மில்லிமீட்டர் நகரும். ஆகவே கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருகுவது அவசர புத்தி.

சரிசெய்யும் முறை இது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயினருகே விரல் கொண்டுசெல்வது பெரும் ஆபத்து. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆகவே மிக இறுகும் இடத்தைக் கண்டு அங்கேயே அளக்க வேண்டும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஆட்டத்தைப் பாருங்கள். சிறு வண்டிகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் என்பர். உங்கள் வண்டியின் கையேடு கூறும் அளவே இறுதியானது.

அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்கத் திருகுகளையும் சமமாகத் திருப்புங்கள். இரு பக்கக் குறியீடுகளும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் சாய்ந்து செயின் பக்கவாட்டில் தேயும். நட்டை முறுக்கியபின் மீண்டும் அளந்து பாருங்கள். அச்சு பின்னால் நகர்ந்ததால் பிரேக் கம்பி இழுபட்டிருக்கலாம். அதையும் சரிபார்க்க மறவாதீர்கள்.

இனி முக்கியமான சோதனை. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாக ஏறுவோரை ஏற்றி அமர வைத்து, வேறொருவரைச் செயினைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சிறிது ஆட்டம் எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சாவிடில் தளர்த்துங்கள். நம் கடையநல்லூர் சகோதரரின் வண்டிக்கு வேண்டியது இதுவே.

செயின் அடிக்கடி தளர்கிறதென்றால் அது ரப்பர்போல் நீள்வதாக எண்ணற்க. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும் குழாயும் தேய்கின்றன. நூறு கண்ணிகளில் 0.05 மில்லிமீட்டர் வீதம் தேய்ந்தால் மொத்தம் 5 மில்லிமீட்டர்! அரை அங்குலக் கண்ணிகள் இருபதின் நீளம் புதிதில் 254 மில்லிமீட்டர். அது 259ஐத் தொட்டுவிட்டால் இறுக்கிப் பயனில்லை. செயினையும் இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுவது நலம். சாரல் காலத்தில் சேறும் நீரும் தேய்மானத்தை விரைவுபடுத்தும். துடைத்து எண்ணெயிடுவதில் சோம்பல் கூடாது.

பின் ஷாக் அப்சார்பர் உள்ள மிதிவண்டியில் மோட்டார் பொருத்தியிருப்போருக்கும் இவ்விதியே. மோட்டார் சட்டத்தில் அசையாமல் இருந்து, சக்கரம் ஆடுமாயின், ஆணியடித்தாற்போல் நிலையாகப் பொருத்திய இறுக்கு உருளை உதவாது. ஸ்பிரிங்கால் தானே நகரும் உருளையைச் செயினின் தளர்ந்த பக்கத்தில் உறுதியாகப் பொருத்த வேண்டும். அது கழன்று ஆரக்கம்பியில் சிக்கினால் சக்கரம் அக்கணமே பூட்டிக்கொள்ளும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். செயின் மூடியில்லாத வண்டியில் ஏறாதீர்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டி, பிள்ளைகளின் பாதம் ஆகியவை செயினுக்கோ ஆரத்துக்கோ அருகே செல்லாதவாறு ஒடுக்கி அமருங்கள்.

செலவிலும் வணக்கத்திலும் நடுநிலை பேணப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனிடம் பொறுப்புச் சாட்டும் பண்பை நமக்குக் கற்பித்தவர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். பயண துஆவை ஓதும் முன் பத்து நிமிடம் செயினைப் பார்ப்பதும் அந்தப் பண்பைச் சேர்ந்ததே. ஏனெனில் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பது நம் குடும்பம். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.