புகையோடு போகும் வெப்பம்

கிராமத்து வீடுகளில் மண் அடுப்பை ஒட்டியிருக்கும் கொடியடுப்பை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கெனத் தனி விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பிலிருந்து வரும் அனலே அதன்மீதுள்ள தண்ணீரைச் சூடாக்கிவிடும். இந்தச் சிக்கனத்தை நம் கண்ணாடி ஆலைகளும் முழுமையாகக் கைக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில், 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் பழங்காலக் கண்ணாடி மணிகள் கிடைத்தன. அதே வட்டாரத்தில், ஸ்ரீபெரும்புதூரில், 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபெய்ன் ஆலை பெரிய கண்ணாடித் தகடுகளைச் செய்து வருகிறது.

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் முதலியவற்றைக் கலந்து, உலையில் சுமார் 1,500 டிகிரி செல்சியசில் உருக்கினால் கண்ணாடி கிடைக்கும். உலையின் புகை பெரும் வெப்பத்தைச் சுமந்து வெளியேறுகிறது. அப்புகையைச் செங்கல் அறைகளில் செலுத்தி, அவற்றின் மூலம் எரிப்புக்கான காற்றைச் சூடாக்கும் முறைக்கு 1856இல் பிரீட்ரிக் சீமன்ஸ் காப்புரிமை பெற்றார். அதன் பிறகும் புகையில் ஏறத்தாழ 400 டிகிரி சூடு எஞ்சியிருக்கும். அதைக் கொண்டு மூலப்பொருள்களைச் சுமார் 300 டிகிரி வரை சூடாக்கி உலையில் இட்டால், எரிபொருளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும்.

அப்படியானால் எல்லா ஆலைகளும் இதைச் செய்யாதது ஏன்? தூசு பறக்காதிருக்க மூலப்பொருள் கலவையில் சிறிது நீர் தெளிப்பார்கள். ஈரக்கலவை சூடேறும்போது கட்டிதட்டி வழியை அடைக்கும். முற்றிலும் உலர்ந்தாலோ, தூசு பறந்து உலையின் உட்சுவரை அரிக்கும். உடைந்த கண்ணாடிச் சில்லுகளை மிகுதியாகக் கலந்தால் இத்தொல்லை குறைகிறது. ஜெர்மனியில் சில பாட்டில் ஆலைகள் 1980களிலேயே இவ்வழியில் வெற்றி கண்டன.

புகையின் வெப்பத்தால் மின்சாரம் எடுக்கலாமே என்று சிலர் கேட்பர். எடுக்கலாம். ஆனால் வெப்பத்தை மின்சாரமாக மாற்றும்போது அதில் பெரும்பகுதி வீணாகிவிடும். மூலப்பொருளுக்கே நேராகக் கொடுத்தால் அந்த இழப்பு இல்லை.

கண்ணாடி உலையை ஒருமுறை மூட்டினால் சுமார் 15 ஆண்டுகள் இரவு பகலாக எரியும். இடையில் அணைப்பதில்லை. ஆகவே, புது உலை கட்டும்போதே, அல்லது பழையதைப் புதுப்பிக்கும்போதே, சூடேற்றும் கருவிக்கு இடம் வைத்துவிட வேண்டும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால், அடுத்த 15 ஆண்டுகளும் வெப்பம் புகையோடு போய்க்கொண்டே இருக்கும்.

சில்லுகளில் கல்லும் பீங்கானும் கலந்திருந்தால் ஆலைக்குப் பயன்படா. எனவே, உடைந்த கண்ணாடியைக் குப்பையில் கலக்காமல் தனியே சேர்ப்பது நம் கடமை. நாளை புதிய உலைகளை வரையப்போகிறவர்கள் நீங்கள்தாம். அப்போது கொடியடுப்பை மறவாதீர்கள்.