சிறுநீரகத்தில் ஒரு பகுதியை எடுத்தாச்சா? மிச்சத்தைக் காப்பாற்றுவது இப்படித்தான்!

அருப்புக்கோட்டை - விருதுநகர் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. சித்திரை, வைகாசியில் வெயில் மண்டையைப் பிளக்கும். இப்படி ஓர் ஊருக்கு, சிறுநீரகக் கட்டிக்கு ஆபரேஷன் முடித்துத் திரும்புபவரிடம் அக்கம்பக்கத்தார் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, 'இனி ஒரு வேலையும் பார்க்கக் கூடாது.' இன்னொன்று, 'அதான் இன்னொரு கிட்னி இருக்கே, பயப்படாதே.' இரண்டுமே சரியில்லை.

ஏன் ஒரு பகுதி மட்டும்?

ஒரு காலத்தில் சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி என்றாலே முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடுவதுதான் வழக்கம். இப்போது 4 செ.மீ வரையிலான கட்டி என்றால், பெரும்பாலும் கட்டியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். பின்னாளில் சர்க்கரை, பிரஷர் வந்தாலும் மிச்சமிருக்கும் பகுதி கைகொடுக்கும் என்பதே நோக்கம்.

ஆபரேஷன் நேரத்தில்...

ரத்தம் அதிகம் போகாமலிருக்க, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சிறிது நேரம் கிளாம்ப் போட்டு நிறுத்துவது உண்டு. அந்த நேரம் நீள நீள பாதிப்பு கூடும். அதனால் 25 - 30 நிமிடங்களுக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். கூடுதல் நேரம் ஆகுமென்றால் சுற்றிலும் ஐஸ் வைத்துக் குளிர்விப்பதும் உண்டு. மயக்க மருத்துவர், ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வார். நோயாளியின் பங்கு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, முன்கூட்டியே மறைக்காமல் சொல்வது.

வீட்டுக்கு வந்த பிறகு...

* உடம்பு வலிக்கிறதென்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் உடம்பு நீர் வற்றியிருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

* தண்ணீர் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள். காட்டு வேலைக்குப் போகிறவருக்கும், இதய நோய் உள்ளவருக்கும் ஒரே அளவு கிடையாது. வாந்தி, பேதி வந்தால் தாமதிக்க வேண்டாம்.

* கிரியாட்டினின் அதிகமாக இருப்பவர்கள், கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

* ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

* தண்ணீர்க் குடம், மூட்டை தூக்குவதை டாக்டர் அனுமதிக்கும்வரை, பொதுவாக ஒன்றரை மாதமாவது, தள்ளிப்போடுங்கள். மெதுவான நடை நல்லது.

உடனே ஓட வேண்டியது எப்போது?

சிறுநீரில் ரத்தம் அல்லது ரத்தக்கட்டி, சிறுநீர் குறைவது, காய்ச்சல், மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காதீர்கள். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்தும் உள்ளே ரத்தக்கசிவு வரலாம்.

பரிசோதனையை விடாதீர்கள்

ஆபரேஷன் முடிந்ததும் கிரியாட்டினின் சற்று ஏறி, பிறகு ஒரு நிலைக்கு வரும். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் 3 மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழே இருந்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

பிரஷர், சர்க்கரை இருப்பவர்களுக்குத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், 2021 ஆகஸ்ட் முதல் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வருகிற ஊழியரிடம் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் எடுத்துச் செல்லுங்கள்.