அனுமதிப்பத்திரம் இருக்கிறது, தொழில் எங்கே? வன்னி இளைஞர்களும் லொறிச் சாரதித் தொழிலும்

சில நாட்களுக்கு முன்னர் பரந்தன் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் இளைஞன் ஒருவனைச் சந்தித்தேன். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியபோது அவனுக்கு ஆறு வயது. கனரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டினான். "லைசன்ஸ் எடுத்து எட்டு மாசம் அண்ணை. லொறியை நம்பித் தர ஒருத்தரும் இல்லை. டிப்பர்காரர்தான் கூப்பிடினம்" என்றான்.

அவன் சொன்ன டிப்பர், இரவில் மணல் ஏற்றும் டிப்பர். அனுமதியற்ற மணலை ஏற்றிக்கொண்டு பொலிஸாரின் சைகையை மீறி ஓடிய வாகனங்கள் பற்றிய செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். பிடிபடுவதும் விபத்தில் சிக்குவதும் பெரும்பாலும் சாரதி ஆசனத்தில் இருக்கும் பையன்தான். உரிமையாளரின் பெயர் பல வேளைகளில் வெளியே வருவதில்லை. அந்தப் பையன் ஏன் அந்த ஆசனத்துக்குப் போனான் என்பதை நாம் கேட்பதும் இல்லை.

எங்கள் பகுதிகளில் லொறி ஓட்டக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, பக்கத்து ஆசனம். எனது மாமா ஏழு வருடங்கள் கிளீனராக இருந்த பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டவர். ரயரைத் தட்டிப் பார்ப்பது, பாரத்தைச் சமன்படுத்தி அடுக்குவது, படங்கு கட்டுவது, கயிறு இறுக்குவது எல்லாம் அந்த ஏழு வருடத்தில் வந்தவை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் இயந்திரத்தை இயக்கவும் பழகினார். "ஓடத் தெரிஞ்சவன் எல்லாம் றைவர் இல்லை தம்பி, நிப்பாட்டத் தெரிஞ்சவன்தான் றைவர்" என்பார்.

2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. இறுதிப் போரில் அவரது லொறி முல்லைத்தீவு மண்ணில் எரிந்து போனது. மெனிக் பாம் முகாமில் இருந்து மீளக்குடியேறியபோது அவரிடம் வாகனமும் இல்லை, அனுபவத்தை நிரூபிக்க ஒரு கடதாசியும் இல்லை. இப்படி லொறிகளை இழந்தவர்கள் பலர். லொறியோடு சேர்ந்து, அடுத்த தலைமுறை உட்கார்ந்து பழகவேண்டிய பக்கத்து ஆசனமும் போய்விட்டது.

இன்றைய இளைஞன் பழகியது பாரம் ஏற்றாத லொறியில். பரீட்சைக்குத் தேவையான அளவுக்கு முன்னும் பின்னும் எடுத்துக் காட்டினான், சித்தியடைந்தான். ஆனால் நெல் மூட்டையோடு வரும் லொறி வெறும் லொறியைப் போல நிற்காது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கவேண்டும். கிளிநொச்சியில் இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுபோகிறவன் இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளையும் தன் நித்திரையையும் சமாளிக்கவேண்டும். கொழும்புக்குப் போவதானால் பேச்சுச் சிங்களமும் தேவை. இவை எதையும் அனுமதிப்பத்திரம் அளப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் லொறிச் சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்கவேண்டும். ஓடிய நேரத்தை வாகனத்தில் உள்ள கருவி பதிவு செய்யும். பிரித்தானியாவில் தொழில்முறைச் சாரதி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணித்தியாலப் பயிற்சியை முடிக்கவேண்டும். அங்கே லொறி ஓட்டும் எங்கள் உறவுகளுக்கு இது தெரியும். இங்கே மணல் டிப்பரில் சம்பளம் லோட் கணக்கில். எத்தனை லோட்டோ அத்தனை காசு. ஓய்வெடுத்தால் நட்டம், மெதுவாக ஓடினால் நட்டம். இந்த ஊதிய முறையை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் அது முதல் மாதத்திலேயே மறந்துபோகும்.

ஆகவே பயிற்சி என்பது இளைஞனுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. லொறி உரிமையாளர்களும் அதற்குள் வரவேண்டும். அனுமதிப்பத்திரம் எடுத்தவனை ஒரு வருடமாவது மூத்த சாரதியின் பக்கத்தில் நாட்சம்பளத்துக்கு அமர்த்தவேண்டும். என் மாமா போன்றவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறை என்விகியூ திட்டத்தில் ஏற்கனவே உண்டு. அதைப் பயன்படுத்தி அவர்களைப் பயிற்றுநர்களாக்கலாம். 2016இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. வாகனத்தைத் திருத்துபவனுக்குக் கிடைக்கும் மதிப்பு ஓட்டுபவனுக்கும் கிடைக்கவேண்டும். தம்பிக்கு லொறி வாங்கிக் கொடுக்கும் புலம்பெயர் உறவுகள், ஊருக்கு ஒரு பயிற்சி லொறியையும் நினைத்துப் பார்க்கலாம்.

தேநீர் குடித்து முடித்ததும் அந்த இளைஞன் கேட்டான்: "அப்ப நான் எங்கை போறது அண்ணை?" மாமாவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை உண்டு, லொறிதான் இல்லை. இளைஞனின் கைபேசியில் டிப்பர்காரரின் அழைப்பு அதற்குள் இரண்டு தடவை வந்துவிட்டது.