முகம் கூறும் முதல் ஸலாம்

நாவு ஸலாம் உரைக்கும் முன்னரே முகம் தன் ஸலாத்தை உரைத்துவிடுகிறது. எதிரே வருபவர் நம் சொல்லைக் கேட்பதற்கு முன் நம் முகத்தைக் கண்டுவிடுகிறார். அந்த முகம் மலர்ந்திருந்தால், பின்னர் வரும் வாழ்த்து உயிருள்ளதாய் அவர் உள்ளத்தைச் சென்றடைகிறது. முகம் இறுகியிருந்தாலோ, அதே வாழ்த்து வெறும் ஓசையாய் உதிர்ந்து போகிறது. சாந்தி உண்டாகட்டும் என்று வாய் கூற, இல்லை என்று முகம் மறுத்தால், கேட்பவர் எதனை நம்புவார்? ஐயமின்றி முகத்தையே நம்புவார்.

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு எதிர்க்கரையில் அமைந்த லப்பைக்குடிக்காட்டை எண்ணிப் பாருங்கள். பிழைப்பை நாடிக் கடல் கடந்து செல்வது அவ்வூர் மக்களுக்குப் பழகிப்போன வாழ்வு. வளைகுடா நாடுகளில் உழைத்து, விடுமுறைக்கு ஊர் திரும்பி, மீண்டும் விமானம் ஏறும் ஆண்மக்கள் அங்கே பலர். இத்தகைய ஊர்களில் முதற் சந்திப்பு என்பது வாழ்வில் என்றோ ஒருநாள் நேர்வதன்று. ஒவ்வொரு விடுமுறையிலும் ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் நேர்வது. தாயின் வயிற்றில் இருந்தபோது விட்டுச் சென்ற பிள்ளையை, அது ஓடியாடும் பருவத்தில் தந்தை முதன்முறையாக நேரில் காண்கிறார். கைப்பேசித் திரையில் 'அத்தா' என்று கூவிய குழந்தை, வாசலில் வந்து நிற்கும் மனிதரைக் கண்டு தாயின் முந்தானைக்குள் ஒளிந்து கொள்கிறது. பயணக் களைப்பில் அவர் முகம் சுளித்தால், அக்குழந்தையின் உள்ளத்தில் பதிவது எந்தச் சித்திரம்? விடுமுறை நாட்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அச்சித்திரத்தை அழித்து எழுத அவருக்கு நாள் போதுமா?

முகம் கண்டு வந்தவர்

முதற் காட்சியின் ஆற்றலுக்கு நம் வரலாற்றிலேயே ஒளிவீசும் சான்று உண்டு. கி.பி. 622ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா நகர் புகுந்தார்கள். அவர்களைக் காண மக்கள் திரண்டனர். யூத மார்க்கத்தின் பேரறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அவர்களும் அக்கூட்டத்தில் ஒருவராய் வந்தார். அவர் வேதங்களைக் கற்றுத் தேர்ந்தவர். அண்ணலாரின் திருமுகத்தை நேராக நோக்கினார். பொய்யருக்கு இத்தகைய முகம் இருக்கவியலாது என்று அவர் உள்ளம் அக்கணமே துணிந்தது. அதன் பின்னரே பெருமானாரின் பொன்மொழிகள் அவர் செவியில் விழுந்தன. ஸலாத்தைப் பரப்புங்கள், பசித்தோர்க்கு உணவளியுங்கள், ஊர் உறங்கும் இரவில் தொழுங்கள் என்பன அம்மொழிகள். முகம் முதலில் திறந்த கதவின் வழியே அவை உள்ளே நுழைந்தன.

இன்றைய அறிவியலும் இதனை வேறு வழியில் மெய்ப்பிக்கிறது. 2006ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லிஸ், டோடோரோவ் என்னும் ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முன்பின் அறியாத மனிதர்களின் முகப்படங்களை, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி, இவர் நம்பத்தக்கவரா என்று கேட்டனர். அத்துணைச் சிறு நேரத்திலும் பார்த்தவர்கள் தீர்ப்பளித்தனர். கூடுதல் நேரம் அளித்தபோதும் அத்தீர்ப்பு பெரிதும் மாறவில்லை. தம் தீர்ப்பு சரியானதே என்ற உறுதி மட்டுமே வளர்ந்தது.

இமைப்பொழுதில் முடிந்துவிடும் இத்தீர்ப்புக்கு முன்னால் நாம் என்ன ஆயத்தம் செய்துகொள்ள இயலும்? ஆளைக் கண்ட பின் புன்னகையைத் தேடி எடுத்து அணிந்துகொள்ள நேரமில்லை. அது முன்னரே நம் முகத்தில் குடியிருக்க வேண்டும். பழக்கமாய், பண்பாய் ஊறியிருக்க வேண்டும்.

செலவில்லாத் தர்மம்

அண்ணலாரின் திருமுகம் அவ்வாறுதான் இருந்தது. நாயகத் திருமேனியைவிட அதிகமாகப் புன்முறுவல் பூத்த ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று நபித்தோழர் ஒருவர் நினைவுகூர்ந்தார். தாம் இஸ்லாத்தைத் தழுவிய நாளிலிருந்து பெருமானார் தம்மைப் புன்னகையின்றிப் பார்த்ததே இல்லை என்று ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கூறினார்கள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் போற்றிப் பாதுகாத்த செல்வமாக ஒரு புன்னகை இருந்திருக்கிறது! அதே வேளையில், உள்நாக்குத் தெரிய அண்ணலார் உரக்கச் சிரித்ததைத் தாம் கண்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆரவாரச் சிரிப்பு வேறு. அகம் மலர்ந்த முறுவல் வேறு.

சகோதரனின் முகம் நோக்கிப் புன்னகைப்பதும் தர்மம் என்று நபிகளார் கற்பித்ததை அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்நபிமொழியில் புன்னகையுடன் சேர்த்து எண்ணப்பட்ட செயல்களைக் கவனியுங்கள்: வழி தவறியவருக்கு வழிகாட்டுதல், பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் எலும்பையும் அகற்றுதல், நம் வாளியின் நீரை அடுத்தவர் வாளியில் ஊற்றுதல். இவை யாவும் ஏழையும் செய்யத்தக்க தர்மங்கள். முகக்கடுப்பும் பிறர் பாதையில் கிடக்கும் முள்தான் அன்றோ? அதனை அகற்றப் பொருள் வேண்டியதில்லை.

பார்வையற்றவர் காணாத சுளிப்பு

இவ்விஷயத்தில் நம்மை நடுங்க வைக்க வேண்டிய செய்தி திருமறையின் 80ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் பெயரே 'அபஸ'. கடுகடுத்தார் என்பது பொருள். மக்காவின் குறைஷித் தலைவர்களிடம் நபிகளார் சத்தியத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்த வேளை. அத்தலைவர்கள் நேர்வழி பெற்றால் ஊரே பெறும் என்னும் நன்னோக்கத்தில் பெருமானாரின் கவனம் முழுதும் அவர்கள்பால் இருந்தது. அப்போது பார்வையற்ற எளியவரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையே வந்து, தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார்கள். அண்ணலாரின் முகம் சற்றே சுளித்துத் திரும்பியது. உடனே இறைவனிடமிருந்து அதனைச் சுட்டிக்காட்டும் வசனங்கள் இறங்கின. பிற்காலத்தில் அந்தத் தோழர் பெருமானாரின் முஅத்தினாக விளங்கினார். அண்ணலார் பயணம் சென்றபோது மதீனாவில் அவர்களின் பிரதிநிதியாக இருக்கும் சிறப்பும் அவருக்குக் கிட்டியது.

சிந்தித்துப் பாருங்கள். வந்தவரோ கண் தெரியாதவர். முகம் சுளித்ததை அவர் காணவே இல்லை. அவர் மனம் புண்பட வழியில்லை என்றுதான் நாம் வாதிடுவோம். ஆயினும் அச்சுளிப்பு இறைவனின் பார்வையிலிருந்து தப்பவில்லை. இறுதி நாள் வரை ஓதப்படும் வேதத்தில் இடம்பெற்றது. தலைவர்களுக்கு ஒரு முகம், எளியவருக்கு ஒரு முகம் என்னும் பேதத்தை இறைவன் தன் அன்புத் தூதரிடமே பொறுத்துக்கொள்ளவில்லை என்றால், நம் நிலை என்ன? நம் முகம் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. அது எதிரில் நிற்பவரின் ஹக்கு. எதிரில் நிற்பவர் அறியாவிடினும் இறைவன் அறியும் அமானிதம்.

கூலிக்குப் புன்னகை, வீட்டுக்குக் கடுப்பு

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். அயல்நாட்டுக் கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோர், மொழியறியா வாடிக்கையாளர்க்கெல்லாம் நாள்தோறும் பல மணி நேரம் முகமலர்ச்சி காட்டுகிறார்கள். அது அவர்களின் தொழில்; குறை கூறுவதற்கில்லை. ஆனால் கூலிக்காகப் பிறர்க்கு வழங்கிய புன்னகையில் மிச்சமேனும் வீட்டாருக்குக் கிடைக்கிறதா? குடும்பத் தலைவன் சிரித்தால் மதிப்புக் குறையும் என்றொரு தப்பெண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அண்ணலாரை விடவா நமக்கு மதிப்பு?

பள்ளிவாசலை எண்ணுங்கள். நெடுநாள் தொழாதிருந்த இளைஞன் ஒரு வெள்ளிக்கிழமை கூச்சத்துடன் உள்ளே காலடி வைக்கிறான். தலையில் தொப்பியில்லை, எங்கே நிற்பதென்றும் தெரியவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். அவர் வாய் திறக்கவே வேண்டாம். அந்தப் பார்வை ஒன்றே அவனை மறுவாரமும் அழைத்து வரும். அல்லது என்றென்றைக்குமாகத் திருப்பி அனுப்பிவிடும். மதரஸாவில் முதல்நாள் அமரும் குழந்தைக்கு உஸ்தாதின் முகமும், புகுந்த வீட்டில் முதலடி வைக்கும் மருமகளுக்கு மாமியாரின் முகமும், பெருநாளன்று உதவி நாடி வரும் ஏழை உறவினருக்கு வாசலில் நிற்பவரின் முகமும் இவ்வாறே.

அப்படியாயின் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். இல்லை. பொய்ச் சிரிப்பு விரைவில் வெளிப்பட்டுவிடும். உள்ளம் மகிழ்ந்து வரும் புன்னகையில் உதட்டோரம் மட்டுமின்றிக் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்குகிறது. அதனை நினைத்தவுடன் இயக்குவது எளிதன்று என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஏளனச் சிரிப்போ கடுப்பினும் கொடியது. நல்லோரைக் கண்டு கண்சாடை காட்டி நகைத்தவர்களை 83ஆவது அத்தியாயம் குற்றவாளிகள் என்றே சுட்டுகிறது. துயரத்தில் இருப்பவர் முன்னே சிரிக்க வேண்டியதில்லை. உன் துயரம் எனக்கும் தெரிகிறது என்று கூறும் கனிந்த முகமே அங்கே தர்மம்.

இன்னொரு கடமையும் உண்டு. நம் முகத்தைத் திருத்திக்கொள்ளும் நாம், பிறர் முகத்தைக் கண்டவுடன் தீர்ப்பெழுதவும் கூடாது. மேலே கூறிய ஆய்வு, மக்கள் எவ்வளவு விரைவாகத் தீர்ப்பளிக்கிறார்கள் என்பதைக் காட்டியதேயன்றி, அத்தீர்ப்பு சரியானது என்று நிறுவவில்லை. நபியின் முகத்தில் உண்மையைக் கண்ட அப்துல்லாஹ் இப்னு ஸலாமின் அகப்பார்வை எல்லோருக்கும் வாய்ப்பதன்று. இறைவன் நம் உருவங்களை நோக்குவதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே நோக்குகிறான் என்பது நபிமொழியின் கருத்து. ஊர் திரும்பியவரின் இறுகிய முகத்துக்குப் பின்னால் கடனும் தனிமையும் உறக்கமிழந்த இரவுகளும் இருக்கலாம். அவர் புன்னகைக்கவில்லையே என்று வருந்துமுன், முதற் புன்னகையை நாம் வழங்குவோம். ஸலாத்தை முந்திச் சொல்பவருக்குச் சிறப்பு உண்டன்றோ? முகம் மலர்வதிலும் முந்திக்கொள்வோம்.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியேறும்போது, அறிமுகமில்லாத ஒருவரை முகமலர்ந்து நோக்கி ஸலாம் கூறுங்கள். வீட்டு நிலைப்படியில் கால் வைக்கும்போது, வெளியில் செலவழித்ததினும் இனிய புன்னகையை உங்கள் மக்களுக்கு எடுத்துச் செல்லுங்கள். எவரையும் வாடச் செய்யாத முகத்தையும், அம்முகத்துக்கு ஒளியூட்டும் தூய உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.