மதிப்பெண் போடாத ஒருவர் பள்ளிக்குள் வேண்டும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், மதுரை.
பொருள்: பதின்பருவ மாணவர் தற்கொலைத் தடுப்பு, பள்ளி மனநல ஆலோசகர் நியமனம் கோரி கே.கே. நகர் பகுதிப் பெற்றோர் சங்கம் அளிக்கும் மனு.

2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. அவர்களில் 1,416 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

இவை தடுக்கக்கூடிய இறப்புகள். பிளஸ் டூவில் தவறியவர் அதே ஆண்டு கல்லூரியில் சேர உடனடித் துணைத்தேர்வு வேண்டும் என்று சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’ வலியுறுத்தியது, அரசும் ஏற்றது. 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் வெளியிடுவது நின்றது. அரசாணை ஒன்றால் பிள்ளைகளின் பாரத்தை இறக்கிவைக்க முடியும் என்பதை இம்மாநிலம் கண்டிருக்கிறது.

பள்ளிக்குள் பேச ஆள் இல்லாததே இன்றைய குறை. ஆண்டுக்கொரு விழிப்புணர்வு உரை அதை ஈடுகட்டாது. ஆசிரியர் தலையில் இன்னொரு பொறுப்பைக் கட்டுவதும் தீர்வாகாது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும் சக மாணவர் சீண்டலும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. மார்க் போடுகிறவரிடமே மனத்தைத் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் எளிதல்ல என்றே சங்கம் கருதுகிறது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. மதிப்பெண்ணை வைத்து வகுப்பு பிரிப்பதைத் தவிர்க்கவும் அது சொன்னது. பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும்.

இவ்வழிகாட்டுதலை மதுரையின் அரசு, மாநகராட்சி, தனியார் பள்ளிகளில் ஒருசேர நிறைவேற்றச் சங்கம் கோருகிறது. சிறிய பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஓர் ஆலோசகரை அமர்த்தலாம். அவருக்குப் பாடவேளை ஒதுக்கக் கூடாது. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பும் நடைமுறை எழுத்தில் வேண்டும். அப்பிள்ளையின் பெயர் வெளியே வரக் கூடாது. உதவி பெற்றதைக் காரணம் காட்டி டி.சி. கொடுக்கவும் கூடாது.

ஆலோசகர்களின் பயிற்சிக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. 1992 முதல் மனநலப் பணியாற்றும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை கே.கே. நகரிலேயே இருக்கிறது.

மனநல உதவிக்கான 14416, 104 ஆகிய தொலைபேசி எண்கள் இரண்டும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். தேர்வு முடிவு வரும் வாரத்தில், விடுமுறையானாலும், ஆலோசகர் பள்ளியில் இருக்க வேண்டும். தவறியவர் வீட்டுக்கு அன்றே போன் செய்ய வேண்டும். ஆலோசகர் உள்ள பள்ளிகள், இல்லாத பள்ளிகளின் பட்டியலை அரையாண்டுத் தேர்வுக்கு முன் வெளியிடுமாறும், இம்மனுவுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்குமாறும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.