காசுக்கு வாங்கும் வீரம்

தென்னாப்பிரிக்காவிற்குச் சுற்றுலா செல்வோர்க்கு அங்குள்ள தனியார் பண்ணைகள் சில ஒரு 'துணிகர அனுபவத்தை' விற்று வந்துள்ளன. சிங்கக்குட்டியை மடியில் கிடத்திப் புட்டிப்பால் ஊட்டலாம். சற்றே வளர்ந்த சிங்கத்தோடு, கையில் ஒரு கோலை ஏந்தி, புல்வெளியில் உலாவலாம். திரும்பியவர் நிழற்படத்தைக் காட்டுகிறார், காண்போர் வியக்கின்றனர். இது வீரம் என்கின்றனர் சிலர். விலங்கன்பு என்கின்றனர் வேறு சிலர். இரண்டுமன்று என்கிறோம் நாம்.

அக்குட்டி மடிக்கு வந்த வழி யாது? காட்டில் தாய்ச் சிங்கம் தன் குட்டிகளை ஏறத்தாழ இரண்டாண்டுகள் உடன் வைத்துக் காக்கும். பண்ணையிலோ, பிறந்த சில நாள்களிலேயே குட்டி பிரிக்கப்படுகிறது. அதை மனிதக் கைக்குப் பழக்க வேண்டும். தாயும் விரைவில் மீண்டும் சினைப்பட வேண்டும். 'இது தாயற்ற குட்டி. வளர்ந்ததும் காட்டில் விடுவோம்' என்று பயணியரிடம் கூறுவதும் உண்டு. மனிதக் கையில் வளர்ந்த சிங்கம் காட்டு வாழ்வுக்குத் தகுதியற்றது என்பதை மட்டும் சொல்வதில்லை.

வளர்ந்து ஆபத்தானதும் அதன் கதி என்ன? இவ்வாறு வளர்க்கப்பட்டவற்றுள் பல, வேலியிட்ட நிலத்தில் தப்ப வழியின்றி, பணம் செலுத்திய வேட்டைக்காரரின் குண்டுக்கு இரையாயின. எலும்புகள் கீழை நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. இவ்வேலிவேட்டையை 1997ஆம் ஆண்டிலேயே பிரித்தானியத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. மடியில் தவழ்ந்த குட்டிக்கும் வேலிக்குள் வீழ்ந்த சிங்கத்திற்கும் உள்ள தொடர்பை 2015இல் 'பிளட் லயன்ஸ்' என்ற ஆவணப்படம் உலகறியச் செய்தது. இத்தொழிலுக்கு முடிவு கட்டப்படும் என 2021 மே மாதத்தில் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆயினும் வாங்குவோர் உள்ளவரை விற்போரும் இருப்பர்.

'விலங்குகளை ஆள இறைவனே மனிதனுக்கு அதிகாரம் அளித்தாரன்றோ?' எனச் சிலர் வினவுவர். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைப் படித்தோர் இரண்டாம் அதிகாரத்தையும் படிக்கட்டும். ஏதேன் தோட்டம் மனிதனிடம் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே ஒப்படைக்கப்பட்டது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்பது திரு அவையின் மறைக்கல்வி. புண்படுவது சிங்கம் மட்டுமன்று. ஓர் உயிரின் அடிமைத்தனத்தைத் தன் பொழுதுபோக்காக்கிய மனிதனும் குன்றிப்போகிறான்.

'அத்தொழிலால் ஏழைகள் பிழைக்கின்றனரே' என்பது அடுத்த வாதம். சிங்கங்கள் தம் போக்கில் வாழும் குரூகர் தேசியப் பூங்காவும் அதே நாட்டில்தான் உள்ளது. 1926 முதல் இயங்கும் அப்பூங்காவும் பலருக்குப் பிழைப்பு அளிக்கிறது. அங்கே பயணி வண்டிக்குள் அடங்கி இருக்கிறான். சிங்கம் வெளியே உலாவுகிறது. அதுவே முறை.

தானியேல் சிங்கக் குகைக்குள் சென்றது கட்டணம் செலுத்தியன்று; இறைவேண்டலைக் கைவிட மறுத்ததற்காக அவர் அதில் எறியப்பட்டார். கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகைக்கு நம் ஆண்டவர் இணங்கவில்லை. அவரோ பாலைநிலத்தில் காட்டு விலங்குகளிடையே இருந்தார் என மாற்கு எழுதுகிறார். அவற்றை அடக்கிக் காட்டினார் என்று எழுதவில்லை. உடன் இருத்தல் வேறு, உடைமையாக்குதல் வேறு.

ஆகவே, அயல்நாடு செல்லும் அன்பர்களே, ஒன்றை மட்டும் நெஞ்சில் கொள்வோம். வனவிலங்கைத் தொட்டுப் பார்க்க எவ்விடம் நம்மை அழைக்கிறதோ, அவ்விடத்து வாயிலில் நம் காசு விழாதிருக்கட்டும். தொலைவில் நின்று அதைக் கண்டு, படைத்தவரைப் போற்றித் திரும்புவோம்.